ஈயம் வைத்து அடைத்த ஆறாவது டின்

மக்கா, இந்தக் கடிதத்தை நீ பிரித்துவிட்டிருப்பாய். பரவாயில்லை, கிழித்த உறையை எடுத்து அதன் பின்பக்கத்தை இன்னொரு முறை பார். மூன்று இடத்தில் அரக்கு வைத்து என் மோதிரத்தால் அழுத்தியிருக்கிறேன். மூன்றில் ஒன்றிலாவது நீ உடைக்காத விரிசல் இருந்தால், திருவனந்தபுரத்துக்கும் கொல்லத்துக்கும் நடுவில் யாரோ படித்துவிட்டார்கள் என்று அர்த்தம். எங்கள் புதுத் தபால்காரரின் முகத்தை நீ பார்த்ததில்லை. கடிதத்தை வாங்கும்போது கையில் வைத்து எடை பார்க்கிற மனிதர். அரக்கு உருக்குவதைப் பார்த்துக்கொண்டு நின்ற உன் மாமி, "ஞாயித்துக்கெழம எல்லாரு முன்னாலயும் வாசிக்கப் போற காயிதத்துக்கு எதுக்கு மூணு அரக்கு?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனாலும் வைத்தேன்.

ஆம், எல்லார் முன்னாலும் வாசிக்கத்தான் எழுதுகிறேன். போன வாரம் வந்த உன் கடிதத்தைப் பதினோரு முறை படித்தேன். முதல் ஐந்து முறை, அதை எழுதியது நீதானா என்ற சந்தேகத்திலேயே போயிற்று. "தயவுசெய்து" என்று நான்கு இடத்தில் எழுதியிருந்தாய். நீ எனக்கு அப்படி எழுதுகிறவன் இல்லையே. பக்கத்தில் உட்கார்ந்து ஸ்ரீவராகத்துச் சிதம்பரம் பிள்ளை சொல்லச் சொல்ல எழுதினாயோ என்று நினைத்தேன். ஆறாவது முறைதான் விஷயம் உள்ளே இறங்கிற்று. அவருடைய மகள் பகவதியை நீ கட்ட விரும்புகிறாய். ஒரு வருஷமாக நான் கூடாது என்கிறேன். இப்போது அவரும் கூடாது என்கிறார். "உன் மாமா என்னைக் களவாணின்னு சொன்னாரு. அவரு வாயாலயே இல்லைன்னு சொல்லட்டும். அதுக்கு அப்புறம் வந்து பெண் கேளு" என்று சொல்லிவிட்டார். அதனால் உன் கல்யாணம் நிற்பதும் நடப்பதும் என் ஒரு வார்த்தையில் இருக்கிறது. நம் பக்கத்து வழக்கத்தில் தாய்மாமன் தகப்பனுக்கும் மேல். உன் அம்மா, என் தங்கை, உன்னை என் கையில் விட்டுப் போனபோது உனக்கு நாலு வயது. எனக்குப் பிள்ளை கிடையாது. ஆகவே மருமகனே என்று எழுதினாலும் மகனே என்று படித்துக்கொள்.

சிதம்பரம் பிள்ளையின் கை திருட்டுக் கை என்று உனக்குச் சின்ன வயதிலிருந்தே சொல்லிவந்திருக்கிறேன். துரை பங்களாவில் நான் ஸ்டோர் பார்த்த கதையையும் சொல்லியிருக்கிறேன். கப்பலில் நூறு டின் வந்தது என்றும், நான் தலையசைக்காமல் துரை கோப்பையைத் தொடமாட்டார் என்றும், மூன்றாம் பாரம் வரை படித்த என் இங்கிலீஷைக் கேட்டு ஒரு கலெக்டர் தன் குமாஸ்தாவைத் திட்டினார் என்றும் சொன்னேன் அல்லவா? கலெக்டர் விஷயத்தை அப்படியே விட்டுவிடு, அது பாதிக்கு மேல் உண்மை. டின் நூறு இல்லை. முப்பது என்றுகூடச் சொல்லலாம் என்று பேனாவை எடுத்தேன். மாமி பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஆறு.

துரைக்குப் பொன்முடி மலையில் தேயிலைத் தோட்டம், இங்கே பாளையத்துக்குப் பக்கத்தில் பங்களா. பீர் கடையில் கிடைத்தாலும் வாங்கிக் குடிக்கமாட்டார். தன் வீட்டில் தானே காய்ச்ச வேண்டும். அதற்குச் சர்க்கார் அனுமதிக் காகிதத்தைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார். பின்கட்டில் பெரிய செம்பு அண்டா. அதில் பார்லியைக் கொதிக்கவைத்துக் காய்ச்சுகிற வேலை சிதம்பரம் பிள்ளைக்கு. சாமான் அறைச் சாவி எனக்கு. அந்த அறையிலேயே விலை உயர்ந்த சாமான் ஹாப்ஸ் என்கிற ஒரு பூ. நாங்கள் பீர்ப்பூ என்போம். வெளிர்பச்சை நிறத்தில், செதில் செதிலாக, கட்டைவிரல் நுனி அளவு இருக்கும். பிய்த்தால் உள்ளே தாழம்பூவில் இருப்பதுபோல் மஞ்சள் பொடி. கசப்பும் மணமும் அந்தப் பொடியில்தான். பீர் புளித்துப் போகாமல் இருப்பதும் அதனால்தான். நாரத்தைத் தோலைக் கீறினால் வருமே, அப்படி ஒரு மணம். அது கெட்டுப்போனால் புளித்த மோர்ப் பானை மாதிரி நாறும்.

பூவை நன்றாக அமுக்கி, இடைவெளி இல்லாமல் டின்னில் நிரப்பி, மூடியைச் சுற்றி ஈயம் வைத்து அடைத்துக் கப்பலில் அனுப்புவார்கள். கொச்சியில் இறங்கி, வள்ளத்தில் காயல் வழியே வள்ளக்கடவுக்கு வரும். துரை என்னைக் கூப்பிட்டு விரலை நீட்டி, "பிள்ளை, மூன்று சத்ரு. சூடு. வெளிச்சம். காற்று. காற்று பெரிய சத்ரு. காய்ச்சுகிற நாளில் மட்டும் திறக்கணும். மிச்சத்தைச் சின்ன டின்னில் அமுக்கி உடனே ஈயம் வைக்கணும்" என்றார். நான் "எஸ் சார், ஐ நோ சார்" என்றேன். எனக்கு நான்காவது சத்ரு ஒன்று தெரிந்திருந்தது. அதைத் துரை மறந்துவிட்டார் என்று நினைத்தேன். மனிதர்களின் கை.

அந்த ஆறு டின் வந்த அன்றைக்கே அது நிரூபணமாயிற்று. வள்ளக்கடவில் காவலுக்கு நின்ற சிப்பாய் ஒரு டின்னை மோந்து பார்த்து, "இதெந்தா, கஞ்சாவோ?" என்றான். இல்லை ஐயா, துரையின் பீர்ப்பூ என்று மூன்று பாஷையில் சொன்னேன். கேட்கவில்லை. கத்தியால் ஒரு டின்னின் மூடியை நெம்பி, மணிக்கட்டு வரை கையை விட்டான். வெளியே வந்தபோது அந்தக் கை நிறையப் பூ. "மேலாவுக்குக் காட்டணும்" என்று மேலதிகாரியின் பெயரைச் சொல்லித் தன் துண்டில் முடிந்துகொண்டான். அந்தக் கை உள்ளே போய் வெளியே வந்ததை நான் பார்த்தேன் பார், அப்போதே என் மனம் கெட்டுப்போயிற்று. வண்டியில் வரும்போதே முடிவு செய்தேன். ஈயம் யாரை நிறுத்தும்? ஒரு கத்தி போதும். பூட்டுத்தான் வேண்டும்.

மறுநாளே டின்களைச் சாலைக் கடைத்தெருவுக்குக் கொண்டுபோனேன். தகர வேலைக்காரர் ஒருவரை வைத்து, ஈயத்தை வெட்டி எடுத்து, மூடிக்குக் கீல் வைத்து, கொண்டி வைத்து, திண்டுக்கல் பூட்டுப் போட்டேன். அவசரத்தில் அறையைப் பூட்டாமல், ஒவ்வொன்றாக எடுத்துப் போய் வந்தேன். இதைப் பார்த்துச் சிதம்பரம் பிள்ளை அண்டாவைத் துலக்குவதை நிறுத்திவிட்டு, "வேய், தொரை சொன்னது ஈயமில்லா? நீரு பூட்டு போடுதேரு. பூட்டு ஆளத்தான் தடுக்கும், காத்த தடுக்குமா?" என்றார்.

"காத்து பூவ எடுத்துட்டுப் போயி விக்குமாவேய்?" என்று நான் கேட்டேன்.

"விக்காது. வெறுதே தின்னுட்டுப் போகும்."

அவர் ஏன் பூட்டு வேண்டாம் என்கிறார்? என் மூளை அங்கே ஓடிற்று. ஐந்து டின்னுக்குப் பூட்டுப் போட்டு முடித்து, ஆறாவதை எடுக்க வந்தால் ஆறாவது இல்லை. அறை முழுக்கத் தேடினேன். அரிசி மூட்டையைக்கூட நகர்த்தினேன். யாரிடமும் சொல்லவில்லை. துரை மலையில் இருந்தார், வர இரண்டு மாதம் ஆகும். அதற்குள் கையும் களவுமாகப் பிடிப்பது என்று சிதம்பரம் பிள்ளையைக் கவனிக்க ஆரம்பித்தேன்.

கவனித்தேன் என்றால் சாதாரணமாக இல்லை. தினமும் காலையில் ஐந்து பூட்டையும் திறந்து, பூ குறைந்திருக்கிறதா என்று கையால் கிளறிப் பார்ப்பேன். மோந்து பார்ப்பேன். மூடிக்கும் டின்னுக்கும் நடுவில் ஒரு தலைமுடியை ஒட்டிவைப்பேன். சாயங்காலம் திறந்து முடி அறுந்திருக்கிறதா என்று பார்ப்பேன். திறப்பது நான், முடி அறுவதும் என்னால், அதைக் கண்டு திடுக்கிடுவதும் நானே. இரண்டு வாரத்தில் மணம் குறைவது தெரிந்தது. நாலு வாரத்தில் வைக்கோல் வாசனை. எனக்கு வந்த எண்ணம் என்ன தெரியுமா? சிதம்பரம் பிள்ளை மாற்றுச் சாவி செய்து, நல்ல பூவை எடுத்துவிட்டுப் பழைய பூவைப் போடுகிறார். அதனால் ஒரு நாளைக்கு இரண்டு முறை திறந்தவன், மூன்று முறை திறந்தேன்.

துரை வந்தார். காய்ச்சினார்கள். பத்து நாள் கழித்து ஒரு வாய் குடித்துவிட்டுத் தோட்டத்துச் செடியில் துப்பினார். "இது பூ இல்லை, பிள்ளை. யாரோ பழைய காலுறையைப் போட்டிருக்கிறார்கள்." நான் காத்திருந்த நேரம். ஒரு டின் காணாமல் போனதையும், மிச்ச ஐந்தில் பூ மாறியதையும், சாவி விஷயத்தையும் சொன்னேன். சாவி செய்த கொல்லனை நான் நேரில் விசாரித்ததாகவும் சொன்னேன். அப்படி ஒரு கொல்லன் இல்லை, மக்கா. சொல்லும்போது அவன் மீசைகூட எனக்குக் கண்ணில் தெரிந்தது. துரை, "சாட்சி வேணும்" என்றார்.

அந்த வாரமே சிதம்பரம் பிள்ளையின் பெண் குழந்தைக்கு இருபத்தெட்டாம் நாள். பெயர் வைக்கிற சடங்குக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார். களவு செய்கிறவன் கூப்பிடுவானா என்று ஒரு மனிதன் யோசிப்பான். சந்தேகம் வராமல் இருக்கத்தான் கூப்பிடுகிறான் என்று நான் யோசித்தேன். ஸ்ரீவராகத்தில் அவர் வீட்டில் முப்பது பேர். ஐம்பது என்று உனக்குச் சொல்லியிருப்பேன். குழந்தையின் காதில் பெயரைச் சொல்லி முடித்துப் பாயில் கிடத்தியிருந்தார்கள். ஆசீர்வாதம் செய்யக் குனிந்தேன். தலைமாட்டிலிருந்து பீர்ப்பூ மணம் வந்தது.

மடக்குக் கத்தி என் இடுப்பில் எப்போதும் இருக்கும். குழந்தையின் தலையை அதன் அம்மா தூக்கிக்கொண்டாளோ, நான் தூக்கினேனோ, நினைவில்லை. குட்டித் தலையணையை எடுத்து முப்பது பேர் முன்னால் தையலைக் கிழித்தேன். பூ உதிர்ந்தது. "பாத்தேளா எல்லாரும்? இதுதான் தொரை வீட்டுப் பூவு!" என்று கத்தினேன்.

சிதம்பரம் பிள்ளை குரல் உயர்த்தவில்லை. "வேவிச்சு எறிஞ்ச சண்டி, வெறும் சக்கை வேய் அது. தொரையே சொல்லித் தந்தாரு, காயவச்சு தலகாணியில வச்சா பிள்ள நல்லா ஒறங்கும்னு. நெறத்தப் பாரும்" என்றார்.

பார்த்தேன். இதை நான் இருபது வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை, உன் மாமியிடம்கூட. பழுப்பு நிறம். அண்டாவில் ஒரு மணி நேரம் கொதித்து, பிழிந்து, வெயிலில் காய்ந்த பூ. பச்சைப் பூவுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாதவனா நான்? அந்த நிமிஷமே தெரிந்தது. ஆனால் கையில் கத்தி இருந்தது, சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள், வாயிலிருந்து வார்த்தை வெளியே போயிருந்தது. "நெறம் மாத்தத் தெரியாதா ஒமக்கு?" என்று சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டேன். வாசல் வரை வந்து அவர் சொன்னார்: "எம் பிள்ள தலைக்குக் கீழ கத்தி வச்ச மனுசன்கூட ஒரு கூரைக்குக் கீழ நான் வேல பாக்க மாட்டேன்." மறுநாளிலிருந்து வரவில்லை. குற்றமுள்ளவன் ஓடிவிட்டான் என்று துரையிடம் சொன்னேன். ஊரில் இருந்த மற்றப் பங்களாக்களிலும் அந்தப் பேச்சுப் பரவிற்று. பரவிற்று என்று எழுதுகிறேன் பார். நான்தான் பரப்பினேன். ஒருவரும் அவரை வேலைக்கு வைக்கவில்லை. கடைசியில் சாலைக் கடைத்தெருவில் ஒரு மூலையில் நன்னாரி சர்பத் கடை போட்டார். இன்றைக்கும் அதுதான் அவர் பிழைப்பு.

அடுத்த வருஷம் துரை தோட்டத்தை விற்றுவிட்டுத் தன் நாட்டுக்குப் போகத் தயாரானார். சாமான்களைக் காலி செய்தோம். வடக்கு வராந்தாவில், வெயிலே படாத இடத்தில், தண்ணீர் வடிகட்டுகிற மணல் தொட்டி ஒன்று இருந்தது. மணலை வாரி எடுத்தால் அடியில் ஒரு டின். மெழுகுத் துணி சுற்றி, கயிறு கட்டி, மூடியைச் சுற்றி வைத்த ஈயம் அப்படியே இருந்தது. மூடியின் மேல் ஆணியால் கீறி எழுதியிருந்தது: "தொறக்காண்டாம்." சிதம்பரம் பிள்ளையின் எழுத்து. அவர் "ற" போடுகிற விதம் எனக்குத் தெரியும். என் பூட்டிலிருந்து ஒரு டின்னையாவது காப்பாற்ற வேண்டும் என்று, துரை சொன்ன மூன்று சத்ருவுக்கும் எட்டாத இடமாகப் பார்த்துப் புதைத்திருக்கிறார். அடுத்த முறை காய்ச்சும்போது எடுத்துக் கொடுக்க நினைத்திருப்பார், அதற்குள் நான் அவரைத் துரத்திவிட்டேன்.

துரையின் முன்னால் வெட்டித் திறந்தேன். மக்கா, அந்த வராந்தா முழுக்க நாரத்தை மணம். பாளையம் சந்தை வரை போயிற்று என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். அவ்வளவு தூரம் போகவில்லை. ஆனால் தோட்டத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். அது பொய் இல்லை. பச்சை மாறாமல், மஞ்சள் பொடி விரலில் ஒட்ட, ஒன்றரை வருஷத்துக்குப் பிறகும் நேற்றுப் பறித்த மாதிரி. துரை இரண்டு கையிலும் அள்ளி முகத்தில் வைத்துக்கொண்டார். நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. "யார் வைத்தது இதை?" என்று கேட்டார்.

"ஐ சார்," என்றேன். "ஐ ஒன்லி சார்."

தன் சட்டைப் பையிலிருந்த கடிகாரத்தைக் கழற்றி என் கையில் வைத்தார். அந்தக் கடிகாரம்தான், மக்கா. நீ குழந்தையாக இருக்கும்போது காதில் வைத்துக் கேட்ட கடிகாரம். என் புத்திக்குத் துரை கொடுத்த பரிசு என்று கோயில், கல்யாண வீடு, ரயில் வண்டி என்று எங்கே போனாலும் நான் எடுத்துக் காட்டிய கடிகாரம். அன்றைக்குச் சாயங்காலமே அரம் எடுத்து மூடியிலிருந்த எழுத்தைத் தேய்த்தேன். அந்த டின்னில்தான் இத்தனை வருஷம் மாமி மிளகு போட்டு வைத்திருக்கிறாள். மூடியில் ஏன் தேய்ந்திருக்கிறது என்று நீ ஒருமுறை கேட்டாய். திருடன் வைத்த அடையாளம், அழித்துவிட்டேன் என்றேன். நீ நம்பினாய்.

இப்போது நீ கல்யாணம் செய்யப் போகிறவன். புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை உண்டா என்று மாமியிடம் கேட்டேன். "யோக்கியதை இல்ல, அனுபவம் உண்டு, எழுதும்" என்றாள். ஆகவே எழுதுகிறேன். கட்டிய புதிதில் அவள் டிரங்குப் பெட்டியிலும் நான் முடி ஒட்டிவைத்திருக்கிறேன். அவள் அம்மா வீட்டுக்கு என்ன கொடுத்தனுப்புகிறாள் என்று பார்க்க. ஒரு நாள் சாயங்காலம் போய்ப் பார்த்தால், நான் ஒட்டியது ஒரு முடி, இருந்தது இரண்டு. என்ன இது என்று கேட்டேன். "ஒண்ணு போராதுன்னு தோணிச்சு. அதான் நானும் ஒண்ணு ஒட்டினேன்" என்று சொல்லிவிட்டுக் காய் நறுக்கப் போய்விட்டாள். அந்தப் பெட்டியை அதன் பிறகு நான் தொட்டதில்லை. எல்லாருக்கும் அப்படி ஒருத்தி வாய்ப்பதில்லை. பகவதி எப்படிப்பட்டவளோ தெரியாது. அவள் யாருக்குக் கடிதம் எழுதுகிறாள், ஏன் சிரித்தாள், ஏன் சிரிக்கவில்லை என்று நீ தினமும் திறந்து மோந்து பார்க்காதே. நான் அப்படிப் பார்த்தவன். பார்த்த ஐந்தும் கெட்டது. பார்க்காத ஒன்று பிழைத்தது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இதைத் தெரிந்துகொள்ள ஒரு மனிதரின் பிழைப்பைச் செலவழித்தேன்.

சாலைக் கடைத்தெரு என் வீட்டிலிருந்து ஒரு மைல்கூட இல்லை. நேரே போய்ச் சொல்லியிருக்கலாம். மூன்று நாள் புறப்பட்டேன். முதல் நாள் கடை சாத்தியிருந்தது. இரண்டாம் நாள் கூட்டம். மூன்றாம் நாள் கடை திறந்திருந்தது, கூட்டம் இல்லை, அவர் தனியாக நின்று எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டிருந்தார். திரும்பி வந்துவிட்டேன். அவர் என்னைப் பார்த்தாரா, பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாரா என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ ஸ்ரீவராகத்துக்குப் போகும்போது அவரையும், அவர் மனைவியையும், பகவதியையும், அந்த முப்பது பேரில் உயிரோடு இருக்கிறவர்கள் எத்தனை பேரைக் கூப்பிட முடியுமோ அத்தனை பேரையும் உட்காரவைத்து இதை முதல் வரியிலிருந்து படி. தபால்காரர் பற்றியதை வேண்டுமானால் விட்டுவிடு. சிதம்பரம் பிள்ளை திருடவில்லை. திருடவில்லை என்பது இருபத்தெட்டாம் நாளே எனக்குத் தெரியும். இது என் வாயால் சொன்னதாக எடுத்துக்கொள்ளட்டும். கடிகாரத்தை உன் கல்யாணத்துக்குத் தருவதாகச் சொல்லியிருந்தேன். தரமாட்டேன், மக்கா. அது உன்னுடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை. மிளகைக் கொட்டிவிட்டு, டின்னைக் கழுவிக் காயவைத்து, கடிகாரத்தைப் பஞ்சில் சுற்றி உள்ளே வைத்து, மூடியைச் சுற்றி நானே ஈயம் வைத்திருக்கிறேன். பூட்டுப் போடவில்லை. தேய்த்த இடத்தில் அதே வார்த்தையை ஆணியால் எழுதப் பார்த்தேன். என் கையில் அது சரியாக வரவில்லை, விட்டுவிட்டேன். மாமி எடுத்துக்கொண்டு வருவாள். வழியில் அவள் திறக்கமாட்டாள் என்று நம்புகிறேன். ஈயம் எத்தனை சுற்று என்று எண்ணியும் வைத்திருக்கிறேன்.

நான் வரவில்லை. வீட்டிலேயே இருப்பேன். அவர் மன்னித்துவிட்டார், கல்யாணத்துக்கு மாமாவை வரச்சொன்னார் என்று நீ எழுதினால் நம்பமாட்டேன். இரக்கப்பட்டு நீயாகவே எழுதிவிடுவாய், உன்னை வளர்த்தவன் எனக்குத் தெரியாதா? வா என்றோ வராதே என்றோ, அவர் கையாலேயே ஒரு வார்த்தை எழுதித் தரச் சொல். காகிதம் இல்லையென்றால் அந்த டின்னின் மூடியிலேயே ஆணியால் கீறட்டும். அவர் எழுத்து எனக்குத் தெரியும்.